உபகாரச் சம்பளமும் உரிய காலமும்

ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களில் புதுக்கோட்டை ஜில்லாவின் கிராமங்களிலிருந்து இளைஞர்களும் பெண்களும் கையில் மதிப்பெண் பட்டியலுடன் கலாசாலை வாயில்களை நோக்கி வருகிறார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கைச் சர்க்கார் வெளியிடுகிறது. நாமும் அதைப் பார்த்து மகிழ்கிறோம். மகிழ வேண்டியதே. ஆயினும், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டின் கடைசிப் பரீட்சை வரையில் நிலைத்திருந்தார்கள், இடையில் நின்றவர்கள் எந்தச் செலவுக்குப் பணமின்றி நின்றார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? மாணவர்க்குச் செய்யும் பொருளுதவியின் பயனை அளப்பதற்கு உரிய கோல் இக்கேள்வியே என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விஷயம் புதுக்கோட்டைக்குப் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலை தோன்றிய அதே 1857-ஆம் ஆண்டில் இங்கே சமஸ்தானத்தின் பள்ளி தொடங்கிற்று. திவான் சேஷையா சாஸ்திரியாரின் நிர்வாகத்தில், 1880-ல், அது கலாசாலையாக உயர்ந்தது. இன்று மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி என வழங்குவது அதுவே. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி அங்கேதான் பயின்றார். பெண்ணொருத்தி ஆடவருடன் அமர்ந்து படிப்பதா என்று ஊரார் ஆட்சேபித்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவர்களை மறுத்து முத்துலட்சுமிக்கு இடமளித்தார். அப்பெண்மணியே 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர்ச் சட்டசபையின் உபதலைவராய் விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

மன்னரின் தாராள சிந்தையை நாம் போற்றுகிறோம். அதே சமயம் அதிலுள்ள குறையையும் எடுத்துக் கூறுதல் கடமையாகும். கதவு திறந்தது ஒருவருடைய தயவினால். மன்னர் வேறு மனம் கொண்டிருப்பாராயின் அக்கதவு மூடியே இருந்திருக்கும். தயவினால் வருவது ஒருவருக்கு வரும். நூறு பேருக்கு வராது. இன்று வரும், நாளை நின்றுவிடும்.

அண்டை ஜில்லாவின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. கும்பகோணம் அரசினர் கலாசாலையில் 1904-ல் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்த இராமானுஜன், கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து மற்றப் பாடங்களில் தவறினார், உபகாரச் சம்பளம் நின்றது, படிப்பும் நின்றது. அதே இராமானுஜனுக்கு 1913-ல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னபோது அவர் குமாஸ்தா வேலையை விட்டு முழுப் பொழுதையும் கணிதத்துக்கு அர்ப்பணிக்க முடிந்தது. மேதையின் அறிவு இரண்டு காலத்திலும் ஒன்றே. மாதந்தோறும் கைக்கு வந்த பணமே இடையில் வந்த வேறுபாடு. இராமானுஜனைக் கண்டுகொள்ள ஒரு ஹார்டி இருந்தார். கண்டுகொள்வாரின்றி வயற்காட்டுக்கும் கடைத்தெருவுக்கும் திரும்பியவர்களின் கணக்கை யார் அறிவார்?

உபகாரச் சம்பளம் தயவு என்ற நிலையிலிருந்து சட்டத்தின் வழியாகவும் திட்டத்தின் வழியாகவும் கேட்டுப் பெறக்கூடியதாக மாறத் தொடங்கிய ஆண்டு 1944 எனலாம். அவ்வாண்டில் அமெரிக்கா, யுத்தத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்குக் கல்விச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. ஆண்டுக்கு 500 டாலர் வரை கலாசாலைச் சம்பளமும், அதற்கு மேல் மாதந்தோறும் ஜீவனச் செலவுக்குப் படியும் அச்சட்டம் வழங்கிற்று. ஏறக்குறைய 22 லட்சம் பேர் அதனால் கலாசாலை புகுந்தனர். அதே 1944-ல் இந்தியாவிலும், வைஸ்ராயின் நிர்வாக சபையில் அங்கம் வகித்த டாக்டர் அம்பேத்கரின் முயற்சியைத் தொடர்ந்து, தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் பள்ளியிறுதிக்கு மேல் படிக்க உபகாரச் சம்பளத் திட்டம் பிறந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. மாணவன் கல்லூரிக்குக் கட்டும் பணம் ஒரு செலவு. அவன் உயிர் வாழ்வதற்கு வேண்டிய பணம் மற்றொரு செலவு. இவ்விரண்டையும் அன்றே பிரித்துக் கண்டனர்.

நிற்க. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது; 1974-ல் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. இக்காலத்தில் நடந்த மாறுதல்கள் சாமானியமானவை அல்ல. காமராஜரின் ஆட்சிக் காலத்தில் பள்ளிச் சம்பளம் படிப்படியாக நீங்கிற்று, பகலுணவும் வந்தது. 1969-ல் புதுக்கோட்டையில் பெண்களுக்கென அரசுக் கலைக் கல்லூரி ஏற்பட்டது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் நடந்த அறிவொளி இயக்கத்தில் இந்த ஜில்லாவின் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். 2007-08-ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுக் கல்லூரிகளில் இளங்கலை வகுப்புக்கும், 2010-11-லிருந்து முதுகலைக்கும் கற்பிப்புக் கட்டணம் ரத்தாயிற்று. 2010-ல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்லூரிக் கட்டணச் சலுகை வந்தது. 2017-ல் புதுக்கோட்டையிலேயே 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை வீத ஒதுக்கீடு சட்டமாயிற்று. அவர்கள் கட்டணத்தையும் அரசே ஏற்றது.

இவை யாவும் பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றியவை. மாணவரின் கைச்செலவை நோக்கிப் பரந்த அளவில் எடுத்த அடி 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், மேற்படிப்பில் இருக்கும் வரை மாதம் 1000 ரூபாய் தன் வங்கிக் கணக்கில் பெறலாம் என்று அது விதித்தது. 2024 ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்கும் அதே தொகையுடன் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. முன்னர்த் திருமண உதவிக்கென ஒதுக்கிய பணம் பெண்ணின் படிப்புக்கென மாறியதில் ஒரு சமூக மாறுதலே அடங்கியிருக்கிறது. எக்கட்சியினராயினும் இதைப் பாராட்டாமலிருத்தல் நியாயமன்று.

பலனும் கண்கூடு. மத்திய சர்க்காரின் 2021-22-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோரின் தொகையோடு ஒப்பிடுகையில் உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் 47. அருகில் கல்லூரி, நீங்கிய கட்டணம், ஒதுக்கீடு, விடுதி, பஸ் வசதி ஆகிய பலவும் கூடி விளைந்த விளைவு இது. ஆயினும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விகிதம் பதிவேட்டிலுள்ள பெயர்களைக் கொண்டு கணிக்கப்படுவது. பெயர் பதிவேட்டில் இருக்க, பெயருக்குரியவன் சமையல் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போயிருக்கலாம். சேர்க்கைக் கணக்கு அவனைக் காட்டிக்கொடுக்காது.

கட்டணம் இல்லாத கல்லூரியிலும் செலவு உண்டு. கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்தோ மணமேல்குடிப் பக்கத்திலிருந்தோ நகரத்துக்கு வந்து படிப்பவன் காலையில் ஊரை விட்டால் இரவில் வீடு சேர்கிறான். மத்தியானச் சாப்பாடு, புஸ்தகம், நகல் எடுக்கும் கூலி, தேர்வுக் கட்டணம், இக்காலத்தில் தவிர்க்கவொண்ணாத கைப்பேசிச் செலவு ஆகிய யாவும் அவன் தலைமேல். இவற்றுக்கும் மேலாக, அவன் கூலிக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் பணம் வராமற் போகிறது. ஏழைக் குடும்பம் செலுத்தும் மிகப் பெரிய கட்டணம் இதுவே. எந்த ரசீதிலும் இது எழுதப்படுவதில்லை.

இச்செலவுக்குக் கொடுக்கும் படி எவ்வாறு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். 1944-ல் தொடங்கிய அந்த மத்தியத் திட்டத்தில், வீட்டிலிருந்து வந்து பி.ஏ. படிக்கும் மாணவனுக்கு 2010-ல் விதித்த படி மாதம் 300 ரூபாய். 2021-ல் விதிகளைத் திருத்தி ஆண்டுப் படியாக மாற்றினார்கள். அவனுக்குக் குறித்தது ஆண்டுக்கு 3000 ரூபாய். மாதம் 300 ரூபாயைக் கல்வியாண்டின் பத்து மாதங்களால் பெருக்கினால் அதே 3000 வருகிறது. பதினோராண்டில் அரிசி விலை ஏறிற்று, எண்ணெய் விலை ஏறிற்று, உத்தியோகஸ்தர்களின் பஞ்சப்படி ஏறிற்று. மாணவன் படி இருந்த இடத்திலேயே இருந்தது. மாநிலத்தில் கல்லூரி விடுதி மாணவரின் உணவுப்படியை 2023-ல் 1100 ரூபாயிலிருந்து 1500 ஆக உயர்த்தினர். உயர்வு நல்லதே. ஆயினும் நாளொன்றுக்கு 50 ரூபாயில் மூன்று வேளை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போர், முன்பிருந்த நிலை எத்தகையது என்பதையும் உணர்வர்.

எந்தத் தொகையையும் ஒருமுறை விதித்துவிட்டு மறந்துவிடுவோமாயின் அது தானே தேயும். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் விலை ஏறுவதாகக் கொண்டால், இன்றைய 1000 ரூபாய் ஐந்தாண்டில் 784 ரூபாய்க்கு வாங்குவதையே வாங்கும். எந்த மந்திரியும் குறைக்கவில்லை. எந்த உத்தரவும் பிறக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. உத்தியோகஸ்தர்களுக்கு விலைவாசியை அனுசரித்துப் பஞ்சப்படி கொடுப்பது நியாயமென்றால், மாணவர்க்கு மட்டும் அந்நியாயம் ஏன் பொருந்தாது?

தொகையினும் முக்கியமானது காலம். ஆனியில் வேண்டிய பணம் மாசியில் வந்தால், இடையில் கடன் கொடுத்தவனே அதன் பயனை அடைகிறான். மத்தியத் திட்டத்தில் முன்பெல்லாம் மாநிலங்கள் பழைய கணக்குப்படி ஒரு பெருந்தொகையைத் தாமே சுமந்து, அதற்கு மேற்பட்டதையே மத்திய சர்க்காரிடம் பெற்றுவந்தன. அவ்வேற்பாட்டில் தாமதமும் தகராறும் மலிந்தன. 2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை, நூற்றுக்கு 60 மத்தியம், 40 மாநிலம் என்று பங்கை வகுத்து, ஐந்தாண்டுக்கு 59,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட திட்டத்தை அங்கீகரித்து, பணம் மாணவர் கணக்குக்கு நேரே செல்லவேண்டுமென்றும் விதித்தது. நேரே செல்லும் என்பது நல்ல விதி. எந்தத் தேதிக்குள் செல்லும் என்பதே மாணவனுக்கு வேண்டிய விதி.

இயற்கையின் சீற்றமும் கல்வியாண்டைப் பார்த்து வருவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த ஜில்லாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தென்னை மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். பட்டப் படிப்போ மூன்றாண்டு. தோப்பை இழந்த குடியானவனின் சென்ற ஆண்டு வருமானச் சான்றிதழைப் பார்த்து, இவனுக்கு உதவி தேவையில்லை என்று சொல்வது எத்தகைய நீதி?

கடன் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். 2001-ல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடின்றிக் கல்விக் கடன் கிடைத்தது. நடுத்தர வகுப்பினர் பலர் அதனால் முன்னேறினர், மறுக்கவில்லை. ஆயின் படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தால், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தவணை தொடங்கிவிடும். இங்கிலாந்து 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மாணவர்க்கு ஜீவனப்படியை உரிமையாக்கிற்று. 1990-ல் கடனைப் புகுத்திற்று. 1998-ல் ஆண்டுக்கு 1000 பவுன் கட்டணம் விதித்தது. 2012-ல் அது 9000 பவுன் வரை ஏறிற்று. 2016-ல் புது மாணவர்க்கு ஜீவனப்படியே ஒழிந்தது. சேர்க்கை அதனால் அற்றுப்போகவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே கடனாளி குறிப்பிட்ட வருமானத்தை எட்டும் வரை யாரும் அவனிடம் தவணை கேட்பதில்லை. அந்தப் பாதுகாப்பின்றிக் கடனை மட்டும் இங்கே உபகாரச் சம்பளத்தின் இடத்தில் வைப்பது, நிலமற்ற கூலிக்காரன் மகனைப் பட்டத்தோடு பற்றுச்சீட்டையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவதாகும்.

ஆகவே நாம் நான்கு விஷயங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, மாணவர் படி அனைத்தும் ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் தானே உயர வேண்டும். இரண்டாவது, வகுப்புத் தொடங்கிய முதல் மாதத்துக்குள் முதல் தவணை சேர வேண்டும். தவறினால் காரணத்தைக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். மூன்றாவது, புயல், வறட்சி, பெற்றோர் மரணம் போன்ற ஆபத்துக் காலத்தில் ஒரு வாரத்துக்குள் உதவ, ஒவ்வொரு கல்லூரி முதல்வரிடமும் ஒரு நிதி இருக்க வேண்டும். நான்காவது, சேர்ந்தோர் தொகையோடு முடித்தோர் தொகையையும் கல்லூரிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவற்றைச் சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேச ஊழியர்களே, தேர்தல் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டத் தெரிந்த நீங்கள் கல்லூரி திறக்கும் காலத்திலும் தட்டலாகாதா? உங்கள் கிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் யார், வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் இல்லாமல் தவிப்பவர் யார், வங்கிக் கணக்கில் ஏதோ பிழையினால் பணம் வராதவர் யார் என்று பட்டியல் எடுங்கள். இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அவர்களுடன் செல்லுங்கள். கார்த்திகை மாதத்தில் மறுபடி அதே வீடுகளுக்குப் போய், பிள்ளை இன்னும் கல்லூரிக்குப் போகிறானா என்று விசாரியுங்கள். நின்றுவிட்டவன் ஒருவன் இருந்தால், அவன் எவ்வளவு ரூபாய் இல்லாமல் நின்றான் என்று கேட்டெழுதி, உங்கள் சட்டமன்ற அங்கத்தினரின் மேஜைமேல் வையுங்கள்.

அத்தொகை பல சமயங்களில் வெட்கப்படும்படி சிறியதாகவே இருக்கும். அச்சிறு தொகைக்காக ஒரு பட்டதாரியை இழக்கும் நிலையில் புதுக்கோட்டை ஜில்லா இல்லை.