காப்புரிமை நோட்டீஸ் வந்தால் கலங்க வேண்டாம்!

'இந்தப் பொருளுக்கு நாங்கள் காப்புரிமை பெற்றிருக்கிறோம். இனி நீங்கள் விற்கக் கூடாது' என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவதா? மிர்சாப்பூர் பாத்திர வழக்கை அறிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பித்தளைப் பாத்திரத் தொழில் நடக்கும் ஊர். பழைய முறையில் லேத்தில் பூட்டிக் கடையும்போது பாத்திரம் தெறித்துப் பறக்கும், தொழிலாளிக்கு ஆபத்து. பாத்திரத்தை நழுவாமல் அழுத்திப் பிடிக்கும் அமைப்பு ஒன்றுக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951-ஆம் ஆண்டுக் காப்புரிமை பெற்றது. அதே ஊர்ப் பாத்திரத் தயாரிப்பாளரான பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனம் தன் முறையைக் கையாள்வதாக வழக்கும் போட்டது. எதிர்த்தரப்பு சளைக்கவில்லை. 'இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்று காப்புரிமையையே ரத்து செய்யக் கோரியது.

அலகாபாத் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி ரத்து செய்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது. இறுதியில் 1978 டிசம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. தொழில் தெரிந்த சாதாரணக் கைவினைஞருக்கே தோன்றக்கூடிய மாற்றம் பட்டறைச் சீர்திருத்தமே. கண்டுபிடிப்பு ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். காப்புரிமை வழங்கப்பட்டதாலேயே அது செல்லும் என்று பொருளல்ல என்றும் கூறியது. 2007-ல் கார் பெடல் வழக்கொன்றில் அமெரிக்க உச்சநீதிமன்றமும், தெரிந்த பாகங்களைத் தெரிந்தவாறே இணைத்தது கண்டுபிடிப்பல்ல என்றது.

இதில் நமக்கு என்ன? 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமை செல்லுபடியாகும் பொருளைத் தயாரிப்பது மட்டுமல்ல, அனுமதியின்றி விற்பதும் மீறல்தான். ஆகவே நோட்டீஸை அலட்சியமாகக் குப்பையில் போடக் கூடாது. காப்புரிமை எண், தேதி இரண்டையும் கேளுங்கள். காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டுகள்தான். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதியாகும். அந்தத் தேதிக்கு முன்பே அதே பொருள் சந்தையில் இருந்ததா? பழைய பில், விலைப்பட்டியல், கேட்டலாக் எல்லாம் சாட்சியங்கள், பத்திரப்படுத்துங்கள். வழக்கு வந்தால் காப்புரிமையை ரத்து செய்யும்படி எதிர்வழக்காடலாம். ஆதாரமின்றி மிரட்டினால் 106-ஆம் பிரிவின்படி நாமே நீதிமன்றம் செல்லலாம்.

உண்மையான கண்டுபிடிப்பாளரின் உழைப்பை மதிப்போம். ஊரறிந்த பொருளுக்கு ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடினால், நோட்டீஸும் பழைய பில்களுமாக நல்ல வழக்கறிஞரிடம் செல்வோம்.