ஓலப்பாளையத்து இரவுகள்: ஆராய்ச்சிக்கு வந்த வெளிநாட்டு மாணவி டேப்பில் பிடித்த அண்ணன்மார் கதை!

கோவைக்கு இன்டர்ன்ஷிப் வரும் வெளிநாட்டு மாணவர்களின் வார இறுதி எப்படி இருக்கும்? சனிக்கிழமை ஊட்டி, ஞாயிற்றுக்கிழமை மருதமலை, நடுவில் எங்காவது சூடாக சாம்பார் இட்லி. தப்பே இல்லை. ஆனால், 60 வருடங்களுக்கு முன்பு படிப்புக்காக இதே கொங்கு மண்ணுக்கு வந்த ஒரு மாணவி, ஊரோடு சேர்ந்து உட்கார்ந்து விடிய விடியக் கதை கேட்டார். கேட்டதோடு விடவில்லை, டேப்பிலும் பிடித்தார். இன்று அந்த டேப்புகளுக்கு ஈடு கிடையாது.

அவர் பெயர் பிரெண்டா பெக். கனடாவின் மானுடவியல் அறிஞர் என்று இன்று அறியப்படும் அவர், 1964-ல் இங்கே வந்தபோது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவி. காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓலப்பாளையம் என்ற சிற்றூரில் தங்கினார். இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், அன்று கோவை மாவட்டம். 1966 வரை அதுதான் அவருக்கு வீடு, கல்லூரி எல்லாமே.

வந்த வேலை வேறு. யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள், யாருக்கும் யாருக்கும் சம்பந்தம், எந்தக் குலத்துக்கு எந்தக் கோயில் என்று ஊரின் சாதி அமைப்பை ஆராய்வதுதான் அவருடைய படிப்பு. வலங்கை, இடங்கை என்ற பழைய பிரிவினை ஒரு கொங்குக் கிராமத்தின் அன்றாடத்தில் எப்படி ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். 1972-ல் அது புத்தகமாக வந்தது. கொங்கு பற்றி ஆராய்கிற யாரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால், ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் கதை, ராத்திரியில்தான் வெளியே வரும். உடுக்கை ஒலிக்க ஆரம்பித்தால் போதும், காட்டு வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கூடிவிடும். ஒருவர் கதையை நடத்துவார், கூட ஒருவர் பின்பாட்டு. கொஞ்சம் வசனம், கொஞ்சம் பாட்டு, சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரிப்பு. பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சம் நாளைக்கு! சீரியல் பார்க்கும் வீடுகளுக்கு இந்த டெக்னிக் புதிதல்ல.

கதை, அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர் என்ற இரட்டைச் சகோதரர்கள், அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்கம். தங்கை கிளி கேட்கிறாள். அண்ணன்மாரின் ஆட்கள் வேட்டுவர்களின் காட்டில் புகுந்து கிளி பிடிக்கிறார்கள். பகை மூள்கிறது. கொம்பன் என்ற ராட்சசக் காட்டுப்பன்றி வருகிறது. அதை வீழ்த்துவதில் பெரிய வேட்டை நாய்களைவிடப் பெரிய பங்கு பொன்னாச்சி என்ற குட்டி நாய்க்கு. கொங்கு வீடுகளில் குழந்தைகளுக்குப் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

1965-ல் ராமசாமி என்ற கதைப்பாடகர், பழனிசாமி துணைக்கு வர, இந்தக் கதையைப் பல இரவுகள் பாட, பெக் முழுவதையும் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர் சட்டைப்பையில் அடங்குகிற சாதனம் இல்லை. சுருள் சுருளாக டேப் வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் சுவாரஸ்யம். அதே ராமசாமி, அதே கதையை எழுதிக்கொள்வதற்காக நிதானமாகச் சொல்லவும் செய்தார். இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்றாக இல்லை! கூட்டத்தின் முன்னால் பாடும்போது வருவது ஒன்று, எழுதுபவருக்காகச் சொல்லும்போது வருவது இன்னொன்று. எது ‘ஒரிஜினல்’ என்று கேட்டால் பதில் கிடையாது. இதையும், கதையின் மற்ற வடிவங்களையும் அலசி 1982-ல் ஆங்கிலத்தில் இன்னொரு புத்தகம் எழுதினார். ராமசாமி சொன்ன கதை 1992-ல் சென்னையில் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகளாக அச்சானது.

கதையைக் காப்பாற்றியது அவர் மட்டுமே என்று சொன்னால் அது அநியாயம். கவிஞர் சக்திக்கனல் 1971-லேயே ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைத் தொகுத்து வெளியிட்டுவிட்டார். கலைஞர் மு.கருணாநிதி ‘பொன்னர் சங்கர்’ நாவலாக எழுதினார். அது 2011-ல் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடிக்க சினிமாவாகவும் வந்தது. ஆனால் புத்தகத்தில் உடுக்கைச் சத்தம் கேட்காது. பாடகர் எங்கே மூச்சு வாங்கினார், எங்கே குரலை இறக்கினார் என்பதும் தெரியாது. டேப்பில் அது இருக்கிறது. இரவெல்லாம் உட்கார்ந்து உடுக்கடிக் கதை கேட்கும் கூட்டம் குறைந்துபோன இந்தக் காலத்தில், அந்தச் சத்தத்தின் மதிப்பு கூடிக்கொண்டேதான் போகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது ஒரு பாடகரின் வாயிலிருந்து வந்த கதை. எதிரிகளாக வருகிற வேட்டுவர்களின் பக்கம் நின்று கேட்டால், இதே கதை வேறு மாதிரி ஒலிக்கும். சாதி சார்ந்த கதை என்பதால் இன்றும் கவனமாகப் பேசவேண்டிய விஷயம்தான்.

பெக் அந்தக் கதையை விடவே இல்லை. ஆராய்ச்சிப் படிப்பு முடிந்து பல ஆண்டுகள் கழித்து, அதை 26 பாகங்கள் கொண்ட அனிமேஷன் தொடராக, தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். காங்கேயம் பக்கத்துக் கதை டொரான்டோ குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

சரி, இன்றைக்கு கோவையில் தங்கியிருக்கும் மாணவர் என்ன பார்க்கலாம்? கொங்குக் கிராமங்களில் வார இறுதி இரவுகளில் வள்ளி கும்மி அரங்கேற்றங்கள் நடக்கின்றன. ஒரு காலத்தில் ஆண்களின் ஆட்டமாக இருந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவை பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 87! சித்திரையில் வந்திருந்தால், ஓலப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே கண்ணபுரம் மாட்டுச் சந்தை. காங்கேயம் காளைகளை வரிசையாகக் கட்டிவைத்திருப்பதைப் பார்க்கவே ஒரு நாள் போதாது.

அண்ணன்மாரையே பார்க்கவேண்டும் என்றால், மாசி மாதம் மணப்பாறை பக்கம் வீரப்பூருக்குப் போகவேண்டும். பெரியகாண்டியம்மன் கோயில் திருவிழாவில் அண்ணன்மார் மாண்ட படுகளம் நடக்கும். அருள் வந்தவர்கள் மாண்டவர்களைப்போல மண்ணில் விழுந்து கிடப்பார்கள். தங்கை தீர்த்தம் தெளிக்க எழுவார்கள். போனில் படம் எடுக்க ஆசை வரத்தான் செய்யும். பக்கத்தில் நிற்கும் ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். விழுந்து கிடப்பவர் முகத்துக்கு நேராக மட்டும் போனை நீட்டவேண்டாம்.