கடலுக்கேற்ற மீன் காட்டும் கருவி: வாங்குமுன் அறிய வேண்டியவை

மேற்குக் கரையை ஒட்டிய தோட்டங்களில் வாழும் தொழிலாளர்களுக்குக் கடல் தொலைவில் இல்லை. ஓய்வு நாள்களில் தூண்டிலுடன் கரைக்குச் செல்வோர் உண்டு. இரண்டு மூன்று குடும்பத்தினர் பணம் சேர்த்துச் சிறு படகும் வெளிப்பொருத்து இயந்திரமும் வாங்கிக் கடலுக்குச் செல்வதும் உண்டு. அவ்வாறு படகு வாங்கியோர் அடுத்து நாடுவது, கடைகளில் 'ஃபிஷ் ஃபைண்டர்' என வழங்கும் மீன் காட்டும் கருவியையே ஆகும்.

இக்கருவி சிறுதொகைக்குக் கிடைப்பதன்று. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய பின்னர், அது ஏரிக்கும் ஆற்றுக்கும் ஏற்றதே தவிரக் கடலுக்கு ஏற்றதன்று என அறிந்தால் இழப்பு பெரிது. பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்களும் கடையில் ஒளிரும் வண்ணப் படமும் வாங்குவோரை எளிதில் மயக்கக்கூடியவை. ஆகவே, எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பவற்றை இங்கு முறைப்படி காண்போம்.

கேட்கும் கலை

மீனை ஒலியால் அறிவது நம் நாட்டிற்குப் புதியதன்று. கிளந்தான், திரெங்கானு கரைகளில் வாழ்ந்த மலாய் மீனவரிடையே 'ஜூரு செலாம்' எனப்படும் வல்லுநர் இருந்தனர். அவர்கள் படகிலிருந்து நீரில் இறங்கி, தலையை அமிழ்த்தி, மீன் கூட்டம் எழுப்பும் ஒலியைச் செவியால் கேட்டு, வலை வீச வேண்டிய இடத்தைக் கூறினர். மீன் தானே எழுப்பும் ஒலியை அவர்கள் கேட்டனர். இக்கருவியோ தானே ஓர் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்கிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டுப் பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்செவின் இம்முறையை வளர்த்தார். 1948ஆம் ஆண்டில் ஜப்பானின் நாகசாக்கியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் மீனவர்க்குப் பயன்படும் வகையில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

கருவியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, நாம் பார்க்கும் திரை. மற்றொன்று, நீரில் அமிழ்ந்திருக்கும் ஒலிமாற்றி. கடைக்காரர் இதனை 'டிரான்ஸ்டியூசர்' என்பார். மின் துடிப்பு பாயும்பொழுது ஒலிமாற்றியின் உள்ளே இருக்கும் பீங்கான் போன்ற தகடு அதிர்ந்து, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை நீருக்குள் அனுப்புகிறது. கடல் நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். 30 மீட்டர் ஆழத்துக்குச் சென்று திரும்ப 60 மீட்டர் ஆகும். 60ஐ 1500ஆல் வகுத்தால் 0.04 விநாடி. இவ்வளவு சிறிய காலத்தை அளந்தே கருவி ஆழத்தைக் கூறுகிறது.

மீனின் உடலில் உள்ள காற்றுப்பையே ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் திரையில் மங்கலாகவே தோன்றும். திரை வெறுமையாக இருப்பதால் கீழே ஒன்றும் இல்லை எனத் துணிந்துவிடலாகாது.

முதற்கேள்வி: உங்கள் கடலின் ஆழம் என்ன?

கடைக்குச் செல்லுமுன் விடை காண வேண்டிய கேள்வி இதுவே. மலாக்கா நீரிணையின் தென்பகுதி ஆழம் குறைந்தது. பெரும்பாலும் 27 மீட்டர் அளவினது. 37 மீட்டரைத் தாண்டுவது அரிது. வடமேற்கே அந்தமான் கடலை நெருங்கும்பொழுதுதான் அது 200 மீட்டர் வரை ஆழ்ந்து செல்கிறது. சிறு படகில் கரையோரம் மீன் பிடிப்போர் 30 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தைக் காண்பது குறைவு. 600 மீட்டர் வரை காட்டும் கருவிக்கு அவர்கள் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

இங்கு மற்றொன்றும் அறியத்தக்கது. பெட்டியில் குறித்த ஆழம் பெரும்பாலும் நன்னீரில் எட்டும் ஆழமாகும். கடல் நீரில் கரைந்துள்ள உப்புகளுள் ஒன்றான மெக்னீசியம் சல்ஃபேட் ஒலியை விழுங்கும் இயல்புடையது. ஆதலின், அதே கருவி கடலில் அவ்வளவு ஆழம் எட்டாது. 'உப்பு நீரில் எவ்வளவு ஆழம் எட்டும்?' என்று தனியே கேட்டறிய வேண்டும்.

அலைவெண்

ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அலைவெண். கடற்கருவிகளில் 50 கிலோ ஹெர்ட்ஸ், 200 கிலோ ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் பெருவழக்கு. 50 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி ஆழமாகச் செல்லும், அகலமாக விரியும், ஆனால், நுணுக்கம் குறைவு. 200 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியைக் கடல் நீர் விரைவில் விழுங்கிவிடும். எனினும், அருகருகே உள்ள மீன்களைப் பிரித்துக் காட்டும்.

ஒலி கூம்பு வடிவில் விரிந்து செல்கிறது. 20 பாகைக் கூம்பு, அடியைத் தொடும் இடத்தில் ஆழத்தின் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் கூடுதலான அகலம் கொண்டது. 30 மீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ 10 மீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் மட்டுமே. அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கும் மீனைக் கருவி காணாது.

நீரிணையில் கரையோரம் செல்வோர்க்கு 200 கிலோ ஹெர்ட்ஸ் போதுமானது. நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்துக்கும் செல்ல எண்ணுவோர் இரண்டு அலைவெண்ணும் உள்ளதை வாங்குதல் நலம். 'சிர்ப்' எனப்படும் புதிய வகை, ஒரே அலைவெண்ணை அனுப்பாமல், தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை ஒரு வரிசையாக அனுப்புகிறது. அடித்தரையை ஒட்டி நிற்கும் கலவா போன்ற மீனைத் தரையிலிருந்து பிரித்துக் காட்ட இது உதவும். கைப்பொருள் இடந்தந்தால் இதற்குக் கொடுக்கும் பணம் வீணன்று. 455, 800 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் புகைப்படம் போலத் தெளிவாகக் காட்டும் வகைகளும் உள்ளன. நன்னீரில் இவை சிறப்பாகப் பணிபுரியும். உப்பு நீரிலோ இவற்றின் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். ஆகவே, இவற்றை மட்டுமே நம்பிக் கடலுக்குச் செல்ல வேண்டா.

வாட் கணக்கில் மயங்காதீர்

கருவியின் வலிமையை வாட் கணக்கில் கூறுவர். இக்கணக்கு இருவகைப்படும். ஒன்று, 'ஆர்.எம்.எஸ்.' எனப்படும் உண்மைப் பயன் அளவு. மற்றொன்று, அலையின் உச்சி முதல் அடி வரை அளக்கும் 'பீக் டு பீக்' அளவு. பின்னது முன்னதைப் போல் எட்டு மடங்கு. ஒரு பெட்டியில் 4000 வாட் என்றும் மற்றொன்றில் 500 வாட் என்றும் காணப்பட்டால், முன்னது வலிமை மிக்கது எனத் தோன்றும். 4000ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றே.

எப்பொழுதும் ஆர்.எம்.எஸ். அளவையே கேட்டு ஒப்பிட வேண்டும். நீரிணையின் ஆழத்துக்கு 200 முதல் 300 வாட் வரை போதும். 200 மீட்டர் ஆழத்தை நாடுவோர்க்கு 500 அல்லது 600 வாட் தேவைப்படலாம். அதற்கு மேற்பட்டவை பெரிய படகுகளுக்குரியவை.

ஒலிமாற்றியே உயிர்நாடி

வாங்குவோர் பலர் திரையின் அளவைப் பார்த்தே விலை பேசுகின்றனர். ஆனால், ஒலிமாற்றி சரியில்லையேல் எவ்வளவு பெரிய திரையும் பயன்படாது. மங்கு ஒழுகினால் மரத்தில் பால் பெருகியும் பயனில்லை அல்லவா?

சிறு படகுகளுக்குப் பின்பலகையில் பொருத்தும் வகை எளியது, விலையும் குறைவு. அதனை இயந்திரச் சுழலியிலிருந்து விலக்கி, நீர் குமிழியின்றி ஓடும் இடத்தில் பொருத்த வேண்டும். காற்றுக் குமிழி ஒலியைத் தடுத்துவிடும். படகு ஓடும்பொழுது படம் மறைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

படகின் அடியைத் துளைத்துப் பொருத்தும் வகையை விரும்புவோர் படகு எதனால் ஆனது என்பதைக் கருத வேண்டும். மரப்படகுக்கு நெகிழி வகை ஆகாது. மரம் நீரில் ஊறிப் பருக்கும்பொழுது அது வெடித்துவிடலாம். அலுமினியப் படகில் வெண்கல வகையைப் பொருத்தினால் உப்பு நீரில் அலுமினியம் அரிக்கப்படும். படகினுள்ளே ஒட்டி, அடித்தளத்தின் ஊடாக ஒலியை அனுப்பும் வகையும் உண்டு. அது கெட்டியான கண்ணாடியிழைப் படகுக்கு மட்டுமே பொருந்தும். மரத்திற்கும் அலுமினியத்திற்கும் பொருந்தாது.

சில கருவிகள் ஒலிமாற்றி இன்றியே விற்கப்படுகின்றன. பெட்டியில் அது உள்ளதா, கருவிக்கும் அதற்கும் அலைவெண் பொருந்துகிறதா என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டா.

திரையும் மின்சாரமும்

திரையின் அகலத்தினும், மேலிருந்து கீழாக எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதே முதன்மையானது. 30 மீட்டர் ஆழத்தை 480 புள்ளிகளில் காட்டினால் ஒவ்வொரு புள்ளியும் 6.25 சென்டிமீட்டர், 240 புள்ளிகளில் காட்டினால் 12.5 சென்டிமீட்டர். கடும் வெயிலில் படம் தெரிகிறதா என்பதைக் கடையின் நிழலில் அறிய முடியாது. வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். நீர் புகாமைக்கு 'ஐ.பி.எக்ஸ். 7' என்னும் குறி உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது என்பதே அதன் பொருள்.

இக்கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ட் மின்கலத்தால் இயங்குபவை. ஓர் ஆம்பியர் இழுக்கும் கருவியைப் பத்து மணி நேரம் இயக்கப் பத்து ஆம்பியர் மணி வேண்டும். மின்கலம் முழுவதும் வற்றலாகாது. ஆதலின், அதனினும் பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தை முடுக்கும் மின்கலத்தோடு இதனை இணைக்காதிருத்தல் நன்று. கடலின் நடுவே அது வற்றிப்போனால் கரை சேர்வதே இடர்ப்பாடாகிவிடும். இணைப்புக் கம்பியில் உருகி கட்டாயம் இருக்க வேண்டும்.

தனிக்கருவியா, கூட்டுக்கருவியா?

மீன் காட்டுவதோடு செயற்கைக்கோள் வழியாக இடத்தையும் கடல் வரைபடத்தையும் காட்டும் கூட்டுக்கருவிகள் உள்ளன. தனிக்கருவியின் விலை அவற்றினும் குறைவு, முழுத் திரையும் மீனுக்கே பயன்படும், இயக்குவதும் எளிது. ஒன்று பழுதானால் இரண்டும் போய்விடும் என்ற அச்சமும் இல்லை.

ஆனால், தனிக்கருவி நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் கூறாது. கண்ட இடத்துக்கு மீண்டும் செல்லவும் இருட்டில் கரை திரும்பவும் அதனால் இயலாது. ஆதலின், திசைகாட்டியும் இடம் காட்டும் சிறு கைக்கருவியும் உடன் இருத்தல் வேண்டும். நீர் புகாத உறையிலிட்ட கைப்பேசியும் இதற்கு உதவும். மேலும், கருவி படகுக்கு நேர் கீழே உள்ளதையே காட்டும். முன்னே இருக்கும் பாறையையோ, ஆற்று முகத்தின் சேற்றுத் திட்டையோ காட்டாது. ஆழம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியைப் பயன்படுத்துங்கள். அதனை நம்பி விரைந்து ஓட்டாதீர்கள்.

திரையைப் படிக்கும் முறை

திரையின் வலது ஓரமே இப்பொழுது நடப்பது. இடப்புறம் நகர்வதெல்லாம் கடந்து போனவை. சேற்றுத்தரை மெல்லிய கோடாகவும், பாறைத்தரை தடித்த கோடாகவும் தெரியும். பாறை எனில், அதன் கீழே இரண்டாவது எதிரொலியும் தோன்றக்கூடும். மேற்குக் கரையின் பெரும்பகுதி சேறு. அதன் நடுவே கெட்டித்தரை தென்பட்டால் அங்கே கலவாவும் 'ஈக்கான் மேரா'வும் தங்கியிருக்க வாய்ப்புண்டு. மூழ்கிய மரமும் செயற்கைப் பாரும் இவ்வாறே மீனை ஈர்க்கும். நம் மீன்வளத் துறை 1975ஆம் ஆண்டில் கெடாவின் பூலாவ் தெலோர் அருகே பழைய டயர்களைக் கொண்டு செயற்கைப் பார் அமைத்தது. நம் கையால் வெட்டிய பாலில் உருவாகும் ரப்பர், கடலடியில் மீனுக்கு வீடாகவும் பயன்பட்டது!

மீன் உருவத்தைப் பொம்மையாகக் காட்டும் வசதியை நம்ப வேண்டா. குப்பையையும் குமிழியையும்கூட அது மீன் என்று காட்டிவிடும்.

வாங்கும்பொழுதும் வாங்கிய பின்னரும்

கடையில் ஓடும் படம் முன்னரே பதிவு செய்யப்பட்ட மாதிரிப் படம். கடலின் உண்மை நிலையன்று. இயலுமாயின், அதே கருவியை வைத்திருப்போரின் படகில் ஒரு நாள் சென்று பார்த்த பின்னர் முடிவு செய்யுங்கள். நம் நாட்டிலேயே பழுது பார்க்கும் வசதி உண்டா எனவும் கேளுங்கள்.

கடலிலிருந்து திரும்பியதும் கருவியை நன்னீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கொண்டு துடைத்தால் திரையும் நெகிழியும் கெடும். ஒலிமாற்றியின் முகத்தில் கொட்டலசு ஒட்டினால் ஒலி மங்கும். அதனை அவ்வப்போது நீக்க வேண்டும்.

மீனை விற்கக் கருதுவோர்க்கு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். மாவட்ட மீன்வள அலுவலகத்தை அணுகினால் விவரம் கிடைக்கும்.

பணம் குறைவாக இருப்பின், அதனைப் பங்கிடும் முறை இதுவே: முதலில் உயிர்காப்பு அங்கிகள், அடுத்து நல்ல ஒலிமாற்றியும் அதனை முறையாகப் பொருத்தும் கூலியும், பின்னர் மின்கலம், எஞ்சியதற்கேற்ற திரை. இவ்வரிசை தலைகீழானால், கடையில் அழகாக ஒளிர்ந்த கருவி கடலில் கண்ணிழந்து நிற்கும். உங்கள் கடலின் ஆழத்தையும் உங்கள் படகின் இயல்பையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அத்தாளில் உள்ளதற்கு ஏற்ற கருவியை மட்டும் கேட்டு வாங்குங்கள்.