கோகிமா மலையில் ஒரு படைப்பிரிவு

நாகாலாந்தின் தலைநகரான கோகிமா, ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த மலை நகரம். 1944ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் இம்மலைச்சரிவுகளில் ஜப்பானியப் படைப்பிரிவு ஒன்று இரண்டு மாதங்கள் போரிட்டது. அப்பிரிவின் தலைவர் தம் மேலதிகாரியின் ஆணையை மீறிப் படையைத் திருப்பி அழைத்துச் சென்றார். ஜப்பானியப் படை வரலாற்றில் அதற்குமுன் நிகழாத செயல் அது. அச்செயலின் காரணத்தை உணர, முதலில் அப்படைப்பிரிவின் அமைப்பை அறிதல் வேண்டும்.

டிவிஷன் எனப்படும் படைப்பிரிவு, தனித்து நின்று போரிடத்தக்க ஒரு முழுமையான படை. காலாட்படை அதன் உடல் எனலாம். பீரங்கிப் படை, பாலமும் பாதையும் அமைக்கும் பொறியியல் படை, உணவும் வெடிபொருளும் சுமந்து வரும் போக்குவரத்துப் படை, மருத்துவக் குழு ஆகியவை அதன் உறுப்புகள். ஜப்பானியர் தொடக்கத்தில் ஒரு பிரிவில் நான்கு ரெஜிமென்டுகளை வைத்திருந்தனர். 1930களின் பிற்பகுதியிலிருந்து அதனை மூன்றாகக் குறைத்தனர். ஒன்று எதிரியை முன்னின்று தடுக்க, மற்றொன்று பக்கவாட்டில் தாக்க, மூன்றாவது துணைப்படையாக நிற்கும். சிறிய அமைப்பு விரைந்து நகரும் என்பது அவர்கள் கணக்கு. ஒவ்வொரு ரெஜிமென்டிலும் மூன்று பட்டாலியன்கள் இருந்தன.

31ஆம் படைப்பிரிவு 1943 மார்ச் மாதம் பாங்காக்கில் உருவாக்கப்பட்டது. ஏற்கெனவே வெவ்வேறு களங்களில் போரிட்டிருந்த 58, 124, 138 ஆகிய மூன்று ரெஜிமென்டுகள் இதில் இணைக்கப்பட்டன. இவற்றுள் 124ஆம் ரெஜிமென்டின் முன்கதை நினைவிற்கொள்ளத்தக்கது. பசிபிக் பெருங்கடலிலுள்ள குவாடல்கனால் தீவில் 1942இல் போரிட்ட படை அது. அங்கு உணவுக் கப்பல்கள் கரைசேர இயலாமற்போகவே, வீரர்கள் பட்டினியால் மடிந்தனர். ஜப்பானியர் அத்தீவைப் 'பட்டினித் தீவு' என்றே பின்னர் அழைத்தனர். பட்டினியின் கொடுமையை ஒருமுறை கண்டறிந்த அந்த ரெஜிமென்டுதான் 1944இல் கோகிமாவை நோக்கி நடந்தது.

ஜப்பானியப் பிரிவுகளுக்கு எண்ணோடு ஒரு குறிப்பெயரும் உண்டு. 31ஆம் பிரிவின் குறிப்பெயர் 'ரெட்சு'. கடுமை, சீற்றம் என்பது அதன் பொருள். லெப்டினன்ட் ஜெனரல் சாட்டோ கோட்டோக்கு அதன் தலைவர். காலாட்படையை மேஜர் ஜெனரல் மியாசாக்கி ஷிகெசபுரோ வழிநடத்தினார். இவர்களுக்கு மேல் 15ஆம் இராணுவத்தின் தலைவராக முட்டாகுச்சி ரென்யா இருந்தார். பர்மாவிலிருந்து புறப்பட்டு இம்பாலையும் கோகிமாவையும் கைப்பற்ற வேண்டுமென்பது இவரது திட்டம். 15, 33ஆம் பிரிவுகள் இம்பாலைத் தாக்க, 31ஆம் பிரிவு வடக்கே சென்று கோகிமாவில் சாலையைத் துண்டிக்க வேண்டும்.

மூன்றே வாரங்களில் வெற்றி கிட்டும் என முட்டாகுச்சி நம்பினார். எனவே வீரர்கள் ஏறத்தாழ மூன்று வார உணவை மட்டும் சுமந்து சென்றனர். அது தீர்ந்தபின் ஆங்கிலேயரின் கிடங்குகளைக் கைப்பற்றி உண்ணலாம் என்பது எண்ணம். சுமை தூக்கவும் பின்னர் இறைச்சிக்காகவும் மாடுகளை ஓட்டிச் சென்றனர். பழங்கால மங்கோலியப் படைகளின் வழக்கம் இதற்கு முன்மாதிரியாகக் கூறப்பட்டது. புல்வெளியில் குதிரை ஏறிச் சென்றோரின் வழக்கம் செங்குத்தான காட்டு மலைக்கு எவ்வாறு பொருந்தும்? சிந்துவின் ஆற்றைக் கடக்கும்போதே பல மாடுகள் நீரில் மூழ்கின. எஞ்சியவற்றுள் பல மலைப்பாதையில் வீழ்ந்தன.

1944 மார்ச் 15 அன்று படை ஆற்றைக் கடந்தது. வழியில் சங்சாக் என்னுமிடத்தில் இந்திய வான்குடைப் படையணியொன்று 58ஆம் ரெஜிமென்டை மார்ச் 22 முதல் 26 வரை தடுத்து நிறுத்தியது. கையிருப்பு உணவில் அந்நாள்கள் கரைந்தன. கோகிமாவை வலுப்படுத்த எதிர்த்தரப்புக்கும் காலம் கிடைத்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் கோகிமா முற்றுகையிடப்பட்டது. துணை ஆணையர் மாளிகையின் டென்னிஸ் திடலுக்கு இருபுறமும் பகைவர் இருவரும் பதுங்குகுழி வெட்டி, கையெறி குண்டு எட்டும் தொலைவில் நின்று போரிட்டனர். முற்றுகையிடப்பட்டோருக்கு வானூர்திகள் உணவும் குடிநீரும் இறக்கின. சாட்டோவின் படைக்கோ பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. நாகர்களின் குதிர்களிலிருந்து எடுத்த நெல்லும் தீர்ந்தது. நாகர்களுள் பலர் ஆங்கிலேயருக்கு ஒற்றறிந்து கூறியும் காயமுற்றோரைச் சுமந்தும் உதவினர். ஏப்ரல் 20க்குள் முற்றுகை உடைந்தபோதும், மலைமுகடுகளுக்கான போர் மே மாதம் முழுவதும் தொடர்ந்தது. மழையும் தொடங்கிற்று. பசியோடு மலேரியாவும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டன.

உணவும் வெடிபொருளும் அனுப்புமாறு சாட்டோ மீண்டும் மீண்டும் தந்தி அனுப்பினார். மேலும் சில நாள் பொறுத்திருக்குமாறே மறுமொழி வந்தது. மே 31 அன்று அவர் தம் படையைப் பின்வாங்கச் செய்தார். இதனைக் கோழைமை என்று கூறுதல் பொருந்தாது. அதுவரை அப்பிரிவு காத்த நிலைகளைக் கைப்பற்ற எதிர்த்தரப்பு 4,000க்கும் மேற்பட்டோரை இழந்திருந்தது. மியாசாக்கி சில நூறு வீரர்களுடன் சாலையில் தங்கி, எதிர்த்தரப்பின் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தினார். ஜூன் 22 அன்று கோகிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் வந்த பிரித்தானிய இந்தியப் படைகள் 109ஆம் மைல்கல்லில் சந்தித்தன. சாலை திறந்தது.

திரும்பும் வழி போர்க்களத்தினும் கொடியதாயிற்று. சேறு நிறைந்த பாதையோரங்களில் நோயுற்றோர் விழுந்து கிடந்தனர். இப்படையெடுப்பில் இறந்த ஜப்பானியர் ஏறத்தாழ 30,000 பேர். அவர்களுள் மிகப் பலர் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள். இம்பால் களத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தினரும் இதே துன்பத்திற்கு ஆளாயினர். அவ்விராணுவத்தில் மலேயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஒரே படையெடுப்பில் மூன்று பிரிவுகளின் தலைவர்களையும் முட்டாகுச்சி பதவியிலிருந்து நீக்கச் செய்தார். சாட்டோ தம்மை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டுமென்றே விரும்பினார். விசாரணை நடந்தால், உணவு ஏன் வரவில்லை என்னும் வினாவும் அங்கு எழுந்திருக்கும். மனநிலை பிறழ்ந்தவர் எனக் கூறி அவரை ஒதுக்கினர், விசாரணை நடைபெறவில்லை. எஞ்சிய 31ஆம் பிரிவு வேறொரு தலைவரின்கீழ் 1945இல் ஐராவதி ஆற்றங்கரையில் மீண்டும் போரில் இறக்கப்பட்டது.