ஓர் ஊர், ஓர் ஆயர், 1,248 நாட்கள்: சிலியின் பங்கு மக்கள் போப்பின் முடிவை எப்படி மாற்றினார்கள்?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஓர் ஆயரை நியமிப்பது யார்? போப். நீக்குவது? அதுவும் போப்தான். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போய், காணிக்கை போட்டுவிட்டு வரும் பங்கு மக்களுக்கு இதில் ஓட்டு கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க. அப்பதான் சிலி நாட்டின் ஒசோர்னோவில் நடந்தது எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

ஒசோர்னோ, தலைநகர் சாண்டியாகோவிலிருந்து 900 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, மாட்டுப் பண்ணைகள் சூழ்ந்த ஊர். 2015 ஜனவரி 10 அன்று அந்த மறைமாவட்டத்தின் புதிய ஆயராக ஹுவான் பாரோஸ் அறிவிக்கப்பட்டார். அதுவரை அவர் சிலி ராணுவத்தினருக்கான ஆயர்.

அவர் மேல் என்ன புகார்?

பாரோஸ் நேரடியாக யாரையும் துன்புறுத்தினார் என்பதல்ல புகார். பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. புகாரின் மையத்தில் இருந்தவர் அவரை உருவாக்கிய பாதிரியார், பெர்னாண்டோ கராடிமா. சாண்டியாகோவின் வசதியான பகுதி ஒன்றில், எல் போஸ்கே என்று அழைக்கப்படும் பங்கில் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தவர். அவரிடம் பயின்ற இளைஞர்கள் பலர் பாதிரியார்களானார்கள், சிலர் ஆயர்களே ஆனார்கள்.

2010-இல் ஹுவான் கார்லோஸ் குரூஸ், ஜேம்ஸ் ஹாமில்டன், ஹோசே ஆந்த்ரேஸ் முரியோ ஆகியோர் கராடிமாவால் தங்களுக்கு நேர்ந்ததை வெளிப்படையாகப் பேசினார்கள். அடுத்த ஆண்டே வத்திக்கான் கராடிமாவைக் குற்றவாளி என்று அறிவித்தது. தண்டனை: வாழ்நாள் முழுக்க ஜெபமும் தவமும். சிலி நீதிமன்றத்தில் வழக்கு நிற்கவில்லை. காரணம் ஆதாரக் குறைவு அல்ல, காலவரம்பு கடந்துவிட்டது.

கராடிமா அத்துமீறியபோது பாரோஸ் அங்கேயே இருந்து பார்த்தார் என்பது குரூஸின் சாட்சியம். எனக்கு எதுவும் தெரியாது என்று பாரோஸ் தொடர்ந்து மறுத்துவந்தார். ஒசோர்னோ மக்களின் கேள்வி ரொம்ப எளிமையானது: பார்த்தும் வாய் திறக்கவில்லை என்று சொல்லப்படும் ஒருவர் கையில் எங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பை எப்படிக் கொடுப்பது?

மக்களிடம் என்ன ஆயுதம் இருந்தது?

முதலில் கடிதம். அந்த மறைமாவட்டத்தின் சுமார் 1,300 விசுவாசிகள், ஏறத்தாழ 30 பாதிரியார்கள், 120 பேர் கொண்ட கீழவையில் 51 எம்.பி.க்கள் எல்லோரும் எழுதினார்கள். எதுவும் மாறவில்லை.

மார்ச் 21, பாரோஸ் பதவியேற்கும் நாள். பேராலயத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கானோர் கறுப்பு உடையில், கறுப்பு பலூன்களோடு வந்து நின்றார்கள். ஆதரவாளர்கள் கையில் வெள்ளை பலூன்கள். கூச்சல், தள்ளுமுள்ளு. ஓர் ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் ஒரே கோவிலுக்கு வரும் குடும்பங்கள் இவை. பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப் பக்கம் நிற்பதன் வலியை எந்தப் புள்ளிவிவரத்திலும் நீங்கள் பார்க்க முடியாது.

போராடியவர்கள் 'ஒசோர்னோ பொதுநிலையினர்' என்ற பெயரில் திரண்டார்கள். பொதுநிலையினர் என்றால் பாதிரியாராகவோ துறவியாகவோ இல்லாத சாதாரண கிறிஸ்தவர்கள். இவர்கள் யாரும் திருச்சபையை விட்டு வெளியேறவில்லை. வெளியேறுவதுதான் அப்போது சிலியில் சுலபமான வழி. 1995-இல் அந்நாட்டில் 74% பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்றார்கள், 2017-இல் அது 45%. லத்தினோபாரோமெட்ரோ கருத்துக்கணிப்பின் எண்கள் இவை. சத்தமில்லாமல் போய்விட்டவர்களை எந்த ஆயரும் எதிர்கொள்ள வேண்டியதில்லை. உள்ளேயே இருந்து கேட்பவர்களை அப்படித் தவிர்க்க முடியாது. இந்தக் கதையின் திருப்பமே அதுதான் என்பது என் கணிப்பு.

ரோமிலிருந்து வந்த பதில்? இடதுசாரிகள் கிளப்பிவிட்ட பிரச்சினை, ஒசோர்னோ முட்டாள்தனமாக அவர்கள் பின்னால் போகிறது என்ற பொருளில் போப் பிரான்சிஸ் பேசிய வீடியோ 2015 அக்டோபரில் வெளியானது. பாரோஸ் இரண்டு முறை ராஜினாமா செய்ய முன்வந்தும் ஏற்கவில்லை என்று போப்பே பின்னர் சொன்னார்.

பிறகு எப்படி மாறியது?

2018 ஜனவரி 18. சிலி பயணத்தின் கடைசி நாளில், இக்கிகே நகரத்தில் ஒரு நிருபர் பாரோஸ் பற்றிக் கேட்டார். ஆதாரம் கொண்டுவாருங்கள், பேசுகிறேன், இதெல்லாம் அவதூறு என்றார் போப். அந்த வார்த்தை அவருக்கே வினையானது. சிறார் பாதுகாப்புக்கான ஆணையத்துக்கு அவரே தலைவராக நியமித்த பாஸ்டன் கர்தினால் ஷான் ஓமாலி, இரண்டே நாளில் பகிரங்கமாக மறுத்துப் பேசினார். பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பெரும் வலி என்றார். கர்தினால் ஒருவர் போப்பை இப்படித் திருத்துவது அபூர்வம்.

பிப்ரவரியில் ஏ.பி. செய்தி நிறுவனம் அடுத்த குண்டைப் போட்டது. தான் அனுபவித்ததையும், பாரோஸ் அதைப் பார்த்ததையும் விவரித்து குரூஸ் எழுதிய 8 பக்கக் கடிதம் 2015-லேயே, ஓமாலி வழியாக, போப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அப்போ ஆதாரம் எங்கே என்று கேட்டது?

இதற்குள் மால்டாவின் பேராயர் சார்லஸ் ஷிக்லூனா விசாரணைக்கு நியமிக்கப்பட்டிருந்தார். 64 சாட்சிகள், 2,300 பக்க அறிக்கை. ஏப்ரலில், தான் கடுமையாகத் தவறிழைத்துவிட்டதாக போப் எழுத்தில் ஒப்புக்கொண்டார். மே மாதம் ரோமுக்கு அழைக்கப்பட்ட சிலி ஆயர்கள் ஒருவர் விடாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். ஜூன் 11 அன்று பாரோஸின் ராஜினாமா ஏற்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நியமனத்திலிருந்து ராஜினாமா வரை 1,248 நாட்கள். இக்கிகே பேச்சிலிருந்து எண்ணினால் 144 நாட்கள்தான். அதற்கு முந்தைய 1,104 நாட்கள் முழுக்க, கேட்பார் இல்லாமல் அந்த ஊர்க்காரர்கள்தான் கேள்வியை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த வாரமே ஷிக்லூனா ஒசோர்னோ பேராலயத்துக்கு வந்து, போப்பின் சார்பில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

நமக்கு இதில் என்ன?

கராடிமா 2018 செப்டம்பரில் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்டார். 2019-இல், புகார் சொன்ன மூவருக்கும் தலா 10 கோடி பெசோ இழப்பீடு தரும்படி சாண்டியாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் திருச்சபைக்கு உத்தரவிட்டது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு இருந்த காலவரம்பையும் சிலி அதே ஆண்டு நீக்கியது.

உங்கள் ஊர் மறைமாவட்டத்தையும் தொடும் மாற்றம் 2019 மே மாதம் போப் வெளியிட்ட புதிய சட்டம். பாலியல் புகாரை மூடிமறைக்கும் ஆயர் மீதும் இனி விசாரணை நடத்தலாம். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்கள் எளிதில் அணுகக்கூடிய புகார் ஏற்பாடு இருக்க வேண்டும். ஆனால் பாதிரியார்களும் துறவிகளும் புகாரைத் தெரிவிக்க வேண்டியது திருச்சபை அதிகாரிகளிடம். போலீஸைப் பொறுத்தவரை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்வதுதான். இந்தியாவில் அது தெளிவாகவே இருக்கிறது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த யாராக இருந்தாலும் போலீஸிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழே இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. பங்குப் பேரவையில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்தப் பிரிவை எடுத்துக்காட்டுங்கள்.

ஒசோர்னோவுக்கு 2020-இல் நிரந்தர ஆயர் வந்தார். அவரையும் நியமித்தது போப்தான். ஊர் மக்களுக்கு அப்போதும் ஓட்டு இல்லை.