இடுப்பில் மறையும் ரிவோல்வர்: பிடி எவ்வளவு மெலிதாக இருக்கலாம்?

அமெரிக்காவில் இரவு நேரக் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் வேலை செய்யும் எங்கள் ஆட்களில் சிலர் சேட்டுக்குள் சிறிய ரிவோல்வர் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். சோதனைச்சாவடியிலும் ரோந்திலும் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குப் பழக்கமான ரி-56 தோளில் தொங்கும். எல்லோரும் காண வேண்டும் என்றுதான் தொங்கும். ஒரு சாதாரண ஆள், யாருக்கும் தெரியாமல், சட்டப்படியே அதை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவது எங்களுக்குப் புதிது.

ஹியூஸ்ரனில் இருக்கும் என் மச்சான் அப்படி ஒன்றை வாங்கினார். அவர் நிற்கும் கடையில் இரண்டு தடவை கொள்ளை நடந்திருக்கிறது. வாங்கிய பிறகு அவருக்கு வந்த சிக்கல் துப்பாக்கியில் இல்லை, அதன் பிடியில் இருந்தது. அவருக்காகத் தேடித் திரிந்தபோது நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். அதே கேள்வியை இப்போது வேறு சிலரும் என்னிடம் கேட்கிறார்கள்.

முதலில் சட்டம். கனடாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அங்கே 105 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த குழல் கொண்ட கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டவை. நான் சொல்லும் ரிவோல்வரின் குழல் 50 மில்லிமீற்றர் அளவுதான். 2022 ஒக்ரோபரில் இருந்து கைத்துப்பாக்கி விற்பனையே அங்கு முடக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும், 1996 இல் டன்பிளேன் பாடசாலையில் நடந்த கொலைகளுக்குப் பின், 1997 இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து வைத்திருக்கத் தனி அனுமதிப்பத்திரம்கூடத் தேவையில்லை. ரெக்ஸாஸில் 2021 செப்ரெம்பர் 1 முதல் அப்படித்தான்.

ஆனால் எங்கள் ஆட்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. மாநிலம் என்ன சொன்னாலும், சட்டபூர்வமாகத் தங்கியிராதவர்களும், தற்காலிக விசாவில் இருப்பவர்களில் பெரும்பாலானோரும் துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் நண்பனின் துப்பாக்கியைப் பயிற்சிக்குக்கூடத் தொடக்கூடாது. சிறைக்குப் போவதோடு நாடுகடத்தலும் சேர்ந்து வரும். மச்சானிடம் நிரந்தர வதிவிட அட்டை இருந்தது. கடை முதலாளியும் சம்மதித்தார். அதன் பிறகுதான் வாங்கினார்.

இனி அந்தப் பொருளுக்கு வருவோம். ஐந்து ரவை கொள்ளும் இந்தச் சிறிய ரிவோல்வர்களுக்கு வழிகாட்டியது ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1950 இல் கொண்டுவந்த ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’. அதையே 1965 இல் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் செய்து ‘மொடல் 60’ என்று விற்றார்கள். காரணம் எளிமையானது. உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் இரும்பை வியர்வை தின்றுவிடும். கறுப்புப் பூச்சுள்ள உருக்குத் துப்பாக்கி ஒரு கோடைகாலத்துக்குள்ளேயே துருப்புள்ளி காட்டும். ஹியூஸ்ரன் வெக்கை எங்கள் ஊர்ப் பங்குனி, சித்திரைக்குக் குறைந்ததல்ல. அங்கே ஸ்ரெயின்லெஸ் எடுப்பது நியாயமான தெரிவு.

மொடல் 60 இன் நிறை ஏறத்தாழ 550 கிராம். அலுமினியக் கலப்பில் சட்டம் செய்து, உருளையை ஸ்ரெயின்லெஸில் செய்த ‘642’ 400 கிராமைச் சற்றுத் தாண்டும். ரூகர் நிறுவனத்தின் ‘எஸ்பி101’ முழுவதும் ஸ்ரெயின்லெஸ். 700 கிராமுக்கு மேல் வரும். இடுப்பில் நாள் முழுக்கச் சுமப்பவர் மெல்லியதைத்தான் விரும்புவார். ஆனால் சுடும்போது நிறைதான் கையைக் காப்பாற்றும். ஒரே ரவை, பாரம் குறைந்த துப்பாக்கியில் கூடுதலாக உதைக்கும். அந்த உதை முழுவதும் உங்கள் கைக்கு வந்து சேரும் இடம் பிடி.

ரிவோல்வரில் ரவை புறப்படும் குழல் உங்கள் கைக்கு மேலே இருக்கிறது. அதனால் உதை நேராகப் பின்னுக்கு வருவதில்லை. துப்பாக்கி கைக்குள் மேல்நோக்கிச் சுழல்கிறது. சீஃப்ஸ் ஸ்பெஷலில் ஆரம்பத்தில் வந்த மரப்பிடி இரண்டு மெல்லிய தகடுகள்தான். பார்வைக்கு மிக அழகு. ஆனால் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விட்டுவிடும். ஒவ்வொரு வெடிக்கும் அந்த வளையம் நடுவிரலின் முட்டியில் இடிக்கும். இரண்டாவது வெடிக்கு முன் பிடியைத் திருத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். இந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கென்றே ரைலர் என்பவர் ஒக்லகோமாவில் ஒரு சிறிய உலோக அடைப்பைச் செய்து விற்றார். மெல்லிய மரத்தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவிரலுக்கு மட்டும் இடம் கொடுக்கும் உபாயம் அது. பல ஆண்டுகள் கழிந்தும் அதைவிடப் புத்திசாலித்தனமான திருத்தத்தை நான் காணவில்லை.

மெலிதான பிடி என்று விற்பவர்கள் அதிகம் பேசுவது தடிப்பைப் பற்றி. அது அரை உண்மை. இந்த ரிவோல்வரில் ஆகத் தடித்த பகுதி உருளை. சுமார் 33 மில்லிமீற்றர். பிடியை எவ்வளவு சீவினாலும் உருளை மெலியாது. ஆனால் இடுப்புப் பட்டிக்குள் செருகும்போது உருளை பட்டியின் கீழே போய்விடுகிறது. பட்டிக்கு மேலே நின்று சேட்டைத் தள்ளுவது பிடிதான், அதிலும் அதன் அடிப்பகுதி, குதி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூலை. குனியும்போது சேட்டில் அச்சு விழுத்துவது அந்த மூலை. ஆகவே மறைப்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது பிடியின் நீளமும் குதியின் வளைவும்; தடிப்பு அதற்குப் பிறகு. ‘பூட் கிரிப்’ என்று அழைக்கப்படும் வகை இதைத்தான் செய்கிறது. சட்டத்தின் அடியைத் தாண்டி நீளாமல், குதி உருண்டு, பக்கங்கள் உள்ளங்கைக்கு ஏற்றபடி சற்றே பருத்திருக்கும். கிரெய்க் ஸ்பீகல் என்ற கைவினைஞர் மரத்தில் செய்த வடிவம் பின்னர் தொழிற்சாலைகளுக்கும் போனது.

அடுத்தது, எதனால் செய்தது என்பது. இறப்பர் பிடி உதையை வாங்கிக்கொள்ளும், வியர்த்த கையிலும் வழுக்காது. அதே குணத்தால் துணியையும் பிடித்துக்கொள்ளும். ரீசேட் அதில் ஒட்டி மேலே சுருண்டு நிற்கும். சேட்டுப் பைக்குள் இருந்து இழுத்தால் பையின் உட்துணியும் கூடவே வரும். வழுவழுப்பான மரத்தில் துணி வழுக்கிப் போகும், ஆனால் ஈரக் கையும் வழுக்கும். முன்பக்கம் விரல் படும் இடத்தில் மட்டும் லேசாகக் கீறல் வெட்டிய மரமோ, கடினமான செயற்கைப் பொருளோ நடுவழி. இடுப்பில் வைப்பவருக்கு நான் சொல்வது மரம். பயிற்சிக்கு மட்டும் பாவிப்பவர் இறப்பரைப் போட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொரு வேறுபாடு கடைக்காரர்கள் அதிகம் சொல்லாதது. சில பிடிகள் சட்டத்தின் பின்முதுகை மூடும், சில திறந்து விடும். மூடினால் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதைக்கு மெத்தை கிடைக்கும். ஆனால் கையும் அந்த அளவுக்குப் பின்னுக்குத் தள்ளப்படும், விரல் விசையை எட்டும் தூரம் கூடும். இந்த ரிவோல்வர்களின் விசையை முழுதாக இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ பலம் வேண்டும். விரல் நுனியால் மட்டும் எட்டிப் பிடித்து ஐந்து கிலோ இழுத்தால் குழல் நிச்சயம் ஒரு பக்கம் சரியும். எங்கள் ஆட்களில் பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, கை சிறியது. திறந்த முதுகுள்ள மெல்லிய பிடி அவர்களுக்கு மறைப்பதற்காக அல்ல, எட்டுவதற்காகத்தான் தேவைப்படுகிறது.

மச்சானின் கை இந்தக் கணக்கு எல்லாவற்றையும் குழப்பியது. 2009 இல் வலது முழங்கையடியில் எறிகணைச் சிதறல் பட்டது. முழங்கையின் உட்புறமாக இறங்கும் அல்நார் நரம்புதான் மோதிரவிரலையும் சின்னவிரலையும் மடக்கும் பலத்தில் பெரும் பங்கு கொடுக்கிறது. அந்த இரண்டு விரலும் அவருக்குச் சரியாக மடங்காது. தேநீர்க் கோப்பையைப் பிடிப்பார், சாவி திருப்புவார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் வாங்கியது பாரம் குறைந்த 642. யாரோ நண்பர் சொன்னார் என்று, கிடைப்பதில் ஆக மெல்லிய மரப்பிடியை அதற்கு மாட்டியிருந்தார். உள்ளரங்கச் சுடுதளத்தில் பக்கத்து ஆளின் முதல் வெடிக்கே அவர் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே சுட்டபோது மூன்றாவது ரவையோடு நடுவிரல் முட்டி சிவந்துவிட்டது. “மச்சான், இது கைக்குள்ள நிக்குதில்லை, சுழண்டு போகுது” என்றார்.

சாதாரண கையில் கீழ் இரண்டு விரலும் பிடியை இறுக்கி, துப்பாக்கி சுழல்வதைத் தடுக்கின்றன. அவருக்கு அந்த வேலை முழுவதும் நடுவிரலின் தலையில். சுடுதளத்தில் ஒருவர் பெரிய இறப்பர்ப் பிடியைப் போடச் சொன்னார். போட்டோம். நடுவிரல் தப்பியது. ஆனால் பருத்த பிடியைச் சுற்றிப் பிடிக்கப் பலமில்லாத இரண்டு விரலும் இன்னும் விரிந்து நின்றன. சேட்டும் அதில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் சரிவந்தது வேறொரு சேர்க்கை. 642 ஐக் கொடுத்துவிட்டு முழு உருக்கு மொடல் 60. அதில் முதுகு திறந்த மெல்லிய மரத்தகடு. விசை வளையத்தின் பின்னால் அந்த ரைலர் வகை அடைப்பு. பயிற்சிக்கு மெதுவான ரவை. மெலிவு தேவைப்பட்டது, வெற்றிடம் தேவைப்படவில்லை. காயப்பட்ட கை உள்ளவர்கள் மற்றவர் சிபாரிசைக் கேட்டு வாங்காமல், எந்த விரல் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்து வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பரீட்சித்துப் பார்ப்பது கடினமல்ல. கடையில், உருளையைத் திறந்து ரவை இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, பிடித்துப் பாருங்கள். நடுவிரலுக்கும் வளையத்துக்கும் இடையே உலோகம் இடிக்கிறதா, சுட்டுவிரலின் முதல் மூட்டுவரை விசைக்கு வருகிறதா என்று கவனியுங்கள். சுடுதளத்தில் ஐந்து ரவையையும் பிடியை ஒரு தடவைகூடத் திருத்தாமல் சுட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பிடி எவ்வளவு மறைந்தாலும் உங்களுக்கு உதவாது. இடது பக்கத் தகட்டின் மேல்மூலை சீவப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வெற்றுக் கோதுகள் அதில் தட்டுப்பட்டு விழாமல் நிற்கும். ஒரு நிறுவனத்தின் பிடி மற்றதற்குப் பொருந்தாது என்பதையும் மறக்கக்கூடாது. ஸ்மித்தில் கைபிடியின் வடிவத்தைச் சட்டமே தருகிறது. ரூகரில் ஒரு சிறிய முளைதான் இருக்கும், அதன் மேல் பிடி முழுதாக ஏறும்.

உறை இல்லாமலே பட்டியில் தொங்கவிடக் கொக்கி வைத்த பிடிகளும் உண்டு. மெலிவில் அதற்கு நிகரில்லை. ஆனால் விசை மூடப்படாமல் கிடக்கும் எதையும் இடுப்பில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பிடியைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், எங்கள் சமூகத்துக்கு இதைவிடப் பெரிய கேள்வி வீட்டுக்குள் இருக்கிறது. 2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தாங்களே தங்களைச் சுட்டவர்கள். கொள்ளைக்காரனுக்காக வாங்கியது கூடுதலாக யாருக்கு ஆபத்தாகிறது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. முள்ளிவாய்க்காலில் இருந்து வந்து, இன்னமும் இரவில் நித்திரை வராமல் எழுந்து இருப்பவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மச்சானிடமும் இதைக் கேட்டேன். மனைவியும் தானும் பேசி முடிவெடுத்ததாகச் சொன்னார். கடையில் இருந்து வந்ததும் ரவையை எடுத்து வேறாகப் பூட்டுவார். துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் போகும். பெட்டியின் திறப்பு மனைவியிடம்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்ரெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று நம்பி விடக்கூடாது. மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மரத்தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே, வியர்வையும் உப்பும் போய்த் தங்கும் இடத்தில் தொடங்கும். இரண்டு தகடுகளையும் பிடித்திருப்பது ஒரேயொரு திருகாணி. கோடையில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அதைக் கழற்றி, உள்ளே துடைத்து, எண்ணெயை விரலால் தொட்டுப் பூசி, தகட்டின் உட்புறம் நன்றாகக் காய்ந்த பிறகு திரும்பப் பூட்டினால் போதும். திருகாணியை மிகவும் இறுக்கினால் மரம் வெடிக்கும். தளர்வாக விட்டால் பிடி அசையத் தொடங்கும்.