சிற்றூர் வங்கிகளின் நாணயத்தாள்கள்

நாணயத்தாள் என்றதும் அரசாங்கமோ மத்திய வங்கியோ வெளியிடும் தாளே நேயர்களின் நினைவுக்கு வரும். ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1863 முதல் 1935 வரை, சிற்றூர் வங்கிகளுங்கூடத் தத்தம் பெயர் பொறித்த தாள்களை வெளியிட்டு வந்தன. அத்தகைய ஐந்து டொலர்த் தாள் ஒன்று அரிதாயின், அதற்கு ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கவும் சேகரிப்போர் பின்னிற்பதில்லை. அதன் அருமைக்குக் காரணம் யாது?

உள்நாட்டுப் போருக்கு முன்னர், மாநிலச் சட்டங்களின்படி இயங்கிய வங்கிகள் ஆயிரக்கணக்கான வகைத் தாள்களை வெளியிட்டன. ஓர் ஊரின் தாள் தொலைவிலுள்ள ஊரில் முழு மதிப்புக்குச் செல்லாது. வங்கி முறிந்தால் தாளும் குப்பையாகும். கள்ளத்தாள்களோ மலிந்து கிடந்தன.

இந்நிலையை மாற்றவும் போர்ச் செலவுக்குப் பணந் திரட்டவும் 1863இல் புதிய சட்டம் ஒன்று பிறந்தது. அதன்படி, வங்கியொன்று அரசாங்கக் கடன்முறிகளை வாங்கித் திறைசேரியில் ஈடாக வைத்தே தாள் வெளியிடலாம். 1900இல், மூவாயிரத்துக்கு மேற்படாத மக்கள் வாழும் ஊரில் வங்கி தொடங்கத் தேவையான மூலதனம் 50,000 டொலரிலிருந்து 25,000 டொலராகக் குறைக்கப்பட்டது. அதன்பின் சிற்றூர்களில் வங்கிகள் பெருகின.

தாளின் அமைப்பு எங்கும் ஒன்றே. வங்கியின் பெயர், ஊர், பதிவிலக்கம் ஆகியனவே வேறுபடும். அச்சிட்ட தாள்கள் கையொப்பமின்றியே ஊர் வந்து சேரும். வங்கித் தலைவரும் காசாளரும் அவற்றிற் கையொப்பமிடுவர். ஊரார் அன்றாடம் கண்டு பேசிய மனிதரின் கையெழுத்து அவர்கள் சட்டைப்பையிலேயே இருந்தது. 1929இல் தாளின் அளவு சிறிதாக்கப்பட்டபின், கையொப்பமும் அச்சிலேயே வந்தது.

வங்கி முறிந்தாலும் தாள் வைத்திருந்தவர் நட்டமடையவில்லை. ஈடு திறைசேரியில் இருந்தது. ஆனால், அதே வங்கியில் பணம் வைப்பிலிட்டவருக்கு அந்தக் காப்பு இருக்கவில்லை. இலங்கையிலும் 1884இல் ஒரியண்டல் வங்கி முறிந்தபோது, தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அதன் தாள்களுக்கு அரசாங்கப் பொறுப்பை ஏற்றதை நேயர்கள் ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம்.

இந்த நம்பிக்கையே அத்தாள்கள் அருகியதற்குங் காரணமாயிற்று. எங்கும் செல்லும் தாளை எவரும் பேணி வைக்கவில்லை, செலவழித்தனர். கசங்கியவை திறைசேரிக்குத் திரும்பி அழிக்கப்பட்டன. 1935இல் ஈடான முறிகள் மீட்கப்பட, இம்முறையும் முடிவுற்றது. பழைய நூலின் ஏடுகளுக்கிடையிலோ பெட்டியின் அடியிலோ மறந்துபோன சில தாள்களே எஞ்சின. பெருநகர வங்கியின் தாள்கள் பல கிடைக்கலாம். சிற்றூர் வங்கி சிலவற்றின் தாளோ ஒன்றிரண்டே உள. ஆதலால், சேகரிப்போர் தாளிற் பொறித்த தொகையைவிட ஊர்ப்பெயரையே முதலில் நோக்குவர்.

அத்தகைய தாள் கிடைத்தவர் அதனைக் கழுவுதலும் ஆகாது. சூடேற்றி மடிப்பு நீக்குதலும் ஆகாது. மங்கிய கையொப்பத்தின்மேல் புதுமை பூசுவது அதன் மதிப்பையே கெடுக்கும். மடிப்பும் கறையும் அது கைமாறியதற்குச் சான்றுகள். வங்கி மூடப்பட்டு, ஊரும் பொலிவிழந்தபின், அவ்வூரார் ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்ததைச் சொல்ல அந்தத் தாளொன்றே எஞ்சியிருத்தல் கூடும்.